வானத்தை வரைந்து புரிந்துகொள்வது எப்படி: தருமபுரி மொட்டைமாடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். மாலை ஆறரை மணி, தலைக்கு மேல் அரை நிலா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நிலா இன்றைக்கு ஏன் பாதியாகத் தெரிகிறது?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பூமியோட நிழல் சார்." சரி என்றோ தவறு என்றோ நான் சொல்லவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "அதை அப்படியே வரைந்து காட்டுங்கள்" என்றேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். ஒரு மாணவி பென்சிலை வைத்துவிட்டு மேற்கே பார்த்தாள், அப்புறம் மேலே பார்த்தாள். "சார், சூரியன் அந்தப் பக்கம் இறங்கியிருக்கு. அப்போ பூமியோட நிழல் கிழக்கால விழணும். நிலா தலைக்கு மேல இருக்கே, நிழல் அங்க எப்படிப் போகும்?"

நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது. "பூமியின் நிழல்" என்று வாயால் சொல்வது எளிது. வரைய உட்கார்ந்தால் அந்த நிழலைத் தாளில் ஏதாவது ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும். வைக்கப் போகும்போதுதான் அதற்கு இடமில்லை என்று தெரிகிறது.

அறிவியல் படம் என்றால் பாடத்தை விளக்கி முடித்த பிறகு அழகுக்காக ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். யோசிக்கும் வேலையே அந்தத் தாளில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி நமக்காக நாமே வரைவது பற்றியது. பிறருக்குக் காட்டும் படம் கடைசியில்தான் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. தருமபுரி வடக்கே 12 பாகை அட்சரேகையில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பன்னிரண்டரையில். நாம் பார்க்கும் வானியல் படங்களில் பல 40, 50 பாகையில் இருக்கும் நாடுகளின் வானத்தைப் பார்த்து வரைந்தவை. நம் வானம் அதில் இல்லை. அதை நாம்தான் வரைய வேண்டும்.

தேவையான பொருள்கள்

கோடு போடாத நோட்டு, 2பி பென்சில், ரப்பர், பரீட்சை அட்டை, ஒரு டார்ச். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணை வெள்ளை வெளிச்சம் ஒரே நொடியில் கெடுத்துவிடும். மறுபடி பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு நகர வெளிச்சம் தொல்லைதான், ஆனால் நிலாவுக்கும் கோள்களுக்கும் அது தடையில்லை. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் போக முடிந்தால் பால்வீதியே கிடைக்கும்.

படி 1: நினைப்பதை முதலில் வரையுங்கள்

புத்தகத்தையோ போனையோ திறக்கும் முன், மனதில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள். நிலா ஏன் தேய்கிறது, கோடை ஏன் வருகிறது, விடிவெள்ளி ஏன் நடுராத்திரியில் தெரிவதில்லை என்று ஏதாவது ஒரு கேள்வி போதும். தேதி போட்டு வையுங்கள், அழிக்காதீர்கள். பிறகு சரியானதைத் தெரிந்துகொண்டபின் அதே பக்கத்தின் எதிரில் புதிய படத்தை வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த இடத்தில் தடம் மாறினோம் என்று தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் இந்த முதல் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். மதிப்பெண் என்றதும் புத்தகத்துப் படத்தை நினைவிலிருந்து எடுத்து வரைந்துவிடுவார்கள். அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

படி 2: பார்த்ததை மட்டும் வரையும் நோட்டு

நிலாவில் தொடங்குங்கள். வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து தசமி வரை மிக நல்ல நாட்கள். பௌர்ணமி பார்க்க அழகு, வரைவதற்கு உதவாது. சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் மேடும் பள்ளமும் நிழல் காட்டாமல் தட்டையாகிவிடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் நிழல்கள் நீளமாக இருக்கும்.

வீட்டிலேயே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு எடுத்துப் போங்கள். வெளியில் போய் முதலில் அந்த எல்லைக் கோட்டை வரையுங்கள். அது நேர்க்கோடா, வளைவா, எங்கே கரடுமுரடாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கறை போலத் தெரியும் கருத்த சமவெளிகள். விவரங்கள் கடைசியில். மொத்தம் பதினைந்து நிமிடம். ஓரத்தில் தேதி, நேரம், இடம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். உயரத்துக்குக் கையே அளவுகோல்: கையை முழுதாக நீட்டி முட்டி மடக்கிப் பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகை, சுண்டுவிரல் அகலம் 1 பாகை. குழந்தைக்கு முட்டி சிறியது, கையும் குட்டை, அதனால் கணக்கு ஒத்துப்போகும்.

இந்தச் சுண்டுவிரலை நிலாவின் மேல் வைத்துப் பாருங்கள். நிலா விரலுக்குள் மறைந்துவிடும், ஏனென்றால் அது அரை பாகைதான். கொல்லிமேட்டுக்கு மேலே எழும் நிலாவை நாம் எல்லோரும் வண்டிச்சக்கரம் மாதிரி வரைகிறோம். விரலால் அளந்து வரைந்த முதல் படத்தில் அது ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கிப்போனது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

துருவ நட்சத்திரத்தையும் இப்படியே அளந்து வரையுங்கள். அதன் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைதான். ஆகவே தருமபுரியில் 12 பாகை: வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி, அதற்குமேல் இரண்டு விரல். ஒரு புளியமரம் நின்றால் போதும், மறைந்துவிடும். துருவத்தைச் சுற்றி சப்தரிஷி மண்டலம் மறையாமல் சுற்றிக்கொண்டே இருப்பதாகக் காட்டும் படம் வடக்கு நாடுகளுக்குச் சரி. இங்கே அது அடிவானத்துக்குக் கீழே போய்த் திரும்பி வருகிறது. அதற்குப் பதிலாக, அவர்களில் பலர் பார்க்கவே முடியாத அகத்தியர் நட்சத்திரம் நமக்குத் தெற்கே 25 பாகை உயரம் வரை ஏறுகிறது.

பார்ப்பதும் வரைவதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1609-இன் நடுவில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து வரைந்தார். எல்லைக் கோடு கரடுமுரடாக இருப்பதைக் காட்டினார், அவ்வளவுதான். சில மாதம் கழித்து இத்தாலியில் கலிலியோ அதே நிலாவைப் பார்த்து மலைகளையும் பள்ளங்களையும் வரைந்தார். கலிலியோ ஓவியப் பயிற்சி உள்ளவர். ஒரு குமிழின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் நிழல் எப்படி இருக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. 1610-இல் கலிலியோவின் படங்கள் அச்சில் வந்தன. அதன்பின் ஹாரியட் வரைந்த நிலாவிலும் பள்ளங்கள் தோன்றின.

கலிலியோ அதோடு நிற்கவில்லை. இருட்டுப் பகுதிக்குள் தனியே மின்னும் சில புள்ளிகள், காலை வெயில் முதலில் படும் மலை உச்சிகள் என்று புரிந்துகொண்டார். எல்லைக் கோட்டிலிருந்து அவை விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளி இருந்தன. ஒரு வட்டம், ஒரு தொடுகோடு, ஒரு செங்கோண முக்கோணம். பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் போதும்: நிலாவின் ஆரம் 1,737 கிலோமீட்டர் என்று போட்டால் மலை உயரம் 8.7 கிலோமீட்டர் என்று வரும். நிலாவில் பெயர்பெற்ற அப்பென்னைன் மலைத்தொடர் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான், ஆகவே விடை கொஞ்சம் அதிகம். ஆனாலும் இங்கிருந்தபடியே ஒரு படத்தை வைத்து வேற்றுலக மலையை அளக்க முடிந்ததே! இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு தாளில் போட்டுப் பாருங்கள்.

வரைவதில் ஆபத்தும் உண்டு. 1877-இல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் மெல்லிய கோடுகளைப் பார்த்து வரைந்தார். அமெரிக்காவில் பெர்சிவல் லோவல் அவற்றை வேற்றுலக மனிதர் வெட்டிய கால்வாய்கள் என்றே நம்பி வரைபடங்களை நிரப்பினார். 1965-இல் மரைனர் 4 விண்கலம் அருகில் போய்ப் படமெடுத்தபோது தெரிந்தது பள்ளங்கள்தான். மங்கலான புள்ளிகளைக் கண் தானாகவே கோடாக இணைத்துவிடுகிறது. கோலப்புள்ளிகளைப் பார்த்ததும் நம் மனம் கோட்டை இழுக்கிறதே, அதே வேலைதான். அதனால் என் நோட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: உறுதியாகப் பார்த்தது முழுக்கோடு, 'இருக்கும் போலிருக்கிறது' என்று தோன்றியது புள்ளிக்கோடு.

படி 3: சூரியனையே வரைய விடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு மீட்டர் நீளக் குச்சியை மொட்டைமாடியிலோ வாசலிலோ செங்குத்தாக நடுங்கள். தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குச்சி சாய்ந்தால் எல்லாமே சாயும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கோலமாவால் புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் அன்றைய சூரியன் வரைந்த கோடு கிடைக்கும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் அது நேர்க்கோடாக, கிழக்கு மேற்காக விழும். மற்ற நாட்களில் வளைவாக இருக்கும்.

நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 12 மணி இருக்காது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. நாம் 78 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு உச்சிவேளை சராசரியாக 12:17-க்கு வருகிறது. அதுவும் ஆண்டு முழுக்க ஒன்றுபோல இருக்காது: நவம்பர் தொடக்கத்தில் 12:01, பிப்ரவரி நடுவில் 12:31. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் அதன் பாதை முழு வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்யும் வேலை இது. வாரம் ஒருமுறை, சரியாக ஒரே கடிகார நேரத்தில் நுனியைக் குறித்து, அழியாத பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டே போனால், ஓராண்டில் ஒல்லியான எட்டு வடிவம் தரையில் உருவாகும். அதை நீங்கள் வரையவில்லை, சூரியன் வரைந்தது.

உச்சி நிழலின் நீளத்தையும் எழுதி வையுங்கள். டிசம்பர் 21-இல் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் நிழல், வடக்கே. ஜூன் 21-இல் 20 சென்டிமீட்டர், ஆனால் தெற்கே! நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று படித்த பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்கும்போது முகம் மாறும் பாருங்கள். இடையில் இரண்டு நாள் நிழலே காணாமல் போகும்: ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும். ஊருக்கு ஊர் ஒருநாள் முன்பின் ஆகலாம். அன்று உச்சிவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே ஒரு குடத்தையோ படியையோ தரையில் வைத்து, சுற்றி கோலமாவால் வட்டம் போட்டுக் காத்திருங்கள்.

படி 4: ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலிருந்து வரையுங்கள்

வானியலில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. புத்தகப் படம் எங்கோ விண்வெளியில் மிதந்தபடி மேலிருந்து பார்க்கிறது. நாமோ பூமியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். இந்த இரண்டையும் இணைக்கும் வேலையை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை.

தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் "இங்கிருந்து", வலப்பக்கம் "மேலிருந்து" என்று எழுதுங்கள். இன்று பார்த்த அரை நிலாவை இடப்பக்கம் வரைந்து, அதே நேரத்தில் சூரியன், பூமி, நிலா மூன்றும் எங்கே இருந்திருக்கும் என்று வலப்பக்கம் வரையுங்கள். வலப்பக்கத்துப் பூமியின் மேல் ஒரு சின்ன மனித உருவம் போட்டு அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று காட்டுங்கள். அந்த மனித உருவம் இல்லாத படத்தை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. வெள்ளிக்கும் இதையே செய்தால், அது சூரியனைவிட்டு ஏன் 47 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை என்று தானாகப் புரியும்.

தாளில் வராவிட்டால் எலுமிச்சம்பழத்தை எடுங்கள். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் காலை ஏழு, எட்டு மணிக்கு வெயிலும் இருக்கும், மேற்கே பாதி நிலாவும் இருக்கும். பழத்தை ஒரு குச்சியில் குத்தி, நிலாவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் கையை நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, பழத்திலும் அந்தப் பக்கம் அவ்வளவே. இரண்டின் மேலும் படுவது ஒரே சூரியன். வகுப்பில் லைட்டை அணைத்து டார்ச் அடித்துக் காட்டும் செய்முறையை விட இது பத்து மடங்கு மேல்.

படி 5: அளவைக் காலால் நடந்து உணருங்கள்

சூரியக் குடும்பப் படங்களில் கோள்களின் அளவும் இடைவெளியும் ஒன்றாகச் சரியாக இருக்கவே முடியாது, தாள் போதாது. அதனால் தாளை விட்டு வெளியே வாருங்கள். நம் ஊர் ராகி மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதைப் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சூரியன் 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு கால்பந்து. பந்துக்கும் ராகிக்கும் இடையே இருபத்து மூன்றரை மீட்டர்.

பந்தை ஊர்க்கோடியில் வைத்துவிட்டு நேர்ச்சாலையில் நடக்கத் தொடங்குங்கள். 9 மீட்டரில் புதன், ஒரு கசகசா. 17 மீட்டரில் வெள்ளி, இன்னொரு ராகி. 23.5-இல் நாம். அந்த ராகியிலிருந்து 6 சென்டிமீட்டரில் நிலா, அரை மில்லிமீட்டர்தான். இதுவரை மனிதக் கால் பட்ட தொலைவு அந்த 6 சென்டிமீட்டர். இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் நின்று சூரியனைப் பார்க்கும் இடம் ராகியிலிருந்து பந்தை நோக்கி ஒரு சாண் தூரம், 23 சென்டிமீட்டர். 36 மீட்டரில் செவ்வாய். பிறகு வெறுமை. 122 மீட்டர் நடந்தால் வியாழன், ஒரு நெல்லிக்காய். 225-இல் சனி, சற்றுச் சின்ன நெல்லிக்காய். 450 மீட்டரில் யுரேனஸ், 706 மீட்டரில் நெப்டியூன், இரண்டும் கொண்டைக்கடலை அளவு. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் பந்து தெரிகிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்பார்கள். இதே அளவில் ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். இங்கே ஊர்க்கோடியில் ஒரு பந்து, அடுத்த விளக்கு ஜப்பானில். இந்த மாதிரியில் ஒளியின் வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் கூட இல்லை. பந்திலிருந்து ராகிக்கு வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு பிள்ளையை அந்த வேகத்தில் நகர்ந்து வரச் சொல்லுங்கள். மற்றவர்கள் பொறுமையிழந்து கத்துவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

படி 6: கிராஃப் போடப் பழகுங்கள்

கிராஃப் என்றதும் கணக்கு நோட்டு ஞாபகம் வந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வானியலில் மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் சில, ஏறி இறங்கும் ஒரு கோட்டில்தான் முதலில் தென்பட்டன.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கிழக்கே, சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்க இருந்தது. நட்சத்திர ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்தால் கோளின் விட்டத்தைத் துல்லியமாக அளக்கலாம். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி அமெரிக்க வானியலாளர்கள் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி சட்டென்று விழுந்து எழுந்தது, ஒருமுறை அல்ல, ஐந்து முறை. மறைத்து விலகிய பிறகும் அதே இடைவெளிகளில் மீண்டும் சரிவுகள். இரண்டு பக்கமும் ஒத்துப்போன அந்தச் சரிவுகள்தான் யுரேனஸின் வளையங்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அன்றிரவு இந்தச் சரிவு பதிவானது. வளையத்தைக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை. ஒரு கோட்டில் விழுந்த வெட்டைப் பார்த்தார்கள்.

நீங்களும் தொடங்கலாம், கருவி எதுவும் வேண்டாம். திருவாதிரை நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி முதல் பங்குனி வரை மாலையில் நன்றாகத் தெரியும், சிவந்த நிறம். அதன் பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும். அருகில் மாறாத இரண்டை ஒப்பிடத் துணைக்கு வையுங்கள்: ரோகிணி (பிரகாச எண் 0.9), திருவாதிரை இருக்கும் ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டத்தின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் (1.6). எண் குறைந்தால் பிரகாசம் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். திருவாதிரை ரோகிணியை விடப் பிரகாசமா, இரண்டுக்கும் நடுவிலா என்று வாரம் ஒருமுறை மதிப்பிட்டு, கீழ்க்கோட்டில் தேதி, நிற்கும் கோட்டில் பிரகாசம் என்று புள்ளி வையுங்கள். வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் திருவாதிரை, 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியது. வெடிக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. நட்சத்திரம் தானே வெளியே தள்ளிய தூசி மறைத்ததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த மாதங்களில் வெறுங்கண்ணால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தவர்கள் அந்தச் சரிவைத் தங்கள் நோட்டிலேயே பார்த்தார்கள்.

கிராஃப் வரையும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: மேகத்தால் பார்க்க முடியாத வாரத்தை வெற்றிடமாக விடுங்கள். அழகுக்காகக் கோட்டை இழுத்து இணைத்தால் அது செவ்வாய்க் கால்வாய்தான்.

படி 7: பிறருக்குக் காட்டும் படம்

இவ்வளவு வரைந்த பிறகு சுவரொட்டி, கரும்பலகை, போன் திரை எதுவானாலும் உங்களுக்குக் கை வரும். நான் கடைப்பிடிப்பவற்றில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு படத்தில் ஒரு விஷயம். பிறைகளுக்கான படத்தில் கிரகணத்தையும் ஏற்றினால் இரண்டும் போய்விடும். அம்புக்குறிக்கு ஒரே பொருள் வையுங்கள். பல படங்களில் ஒளி செல்வதும் அம்பு, கோள் நகர்வதும் அம்பு, பெயர் காட்டுவதும் அம்பு. பார்ப்பவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்? பெயரைப் பொருளின் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே விளக்கம் தந்தால் கண் ஏறி இறங்கியே களைத்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், ஆகவே நிறத்தோடு கோட்டின் வகையையும் மாற்றுங்கள்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பல கற்களில் வீரன் நடுவில் பெரிதாக நிற்கிறான், கையில் ஆயுதம், பக்கத்தில் மாடுகள். யார், என்ன, எதற்கு என்பது எழுத்தே தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் கிடைக்கும். பெயர், யாருடைய ஆட்சி, எந்த ஊர் என்று உருவத்தால் சொல்ல முடியாததை மட்டும் வட்டெழுத்து சொல்கிறது. படம் எதைச் சொல்ல வேண்டும், எழுத்து எதைச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கல்தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சுவரொட்டி வரையும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பூமியின் பாதை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான படங்களில் அது முட்டை வடிவமாக நீண்டிருக்கும். சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்ததால் வந்த வினை. பார்ப்பவர், "சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை" என்று முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் நடுங்கும்போது. 10 சென்டிமீட்டர் ஆரத்தில் பூமியின் பாதையைச் சரியாக வரைந்தால், நீள ஆரத்துக்கும் அகல ஆரத்துக்கும் வித்தியாசம் 0.014 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனை விடக் குறைவு! சூரியன் மட்டும் நடுவிலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே காம்பஸை எடுத்து வட்டமே போடுங்கள், மையத்தை லேசாக நகர்த்துங்கள், போதும்.

நிறம் பற்றியும் நேர்மையாக இருக்க வேண்டும். 1995-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, தூண்கள் போல் எழும் தூசி மேகப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். அந்த ஹைட்ரஜன் ஒளி நேரில் சிவப்புதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவு செய்வது பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. 2019 ஏப்ரல் 10-இல் வெளியான எம்87 கருந்துளைப் படம் ரேடியோ அலைகளால் ஆனது. அந்த ஆரஞ்சு நிறம் தேர்ந்தெடுத்த நிறம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் வழி. ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் காட்டினால், பிறகு தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகையைப் பார்க்கும் பிள்ளை ஏமாந்து போகும். என் எல்லாப் படங்களின் கீழ் மூலையிலும் ஒரு வரி இருக்கும்: "இதில் தூரம் அளவுப்படி இல்லை", "நிறம் நாங்கள் கொடுத்தது" என்பது போல.

படி 8: காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

படம் தயாரானதும், வானியல் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கக் கூடாது. அவர் எங்கே விரல் வைக்கிறார், எதை முதலில் படிக்கிறார், எங்கே நெற்றி சுருங்குகிறது என்று பாருங்கள். குறைந்தது மூன்று பேர்: ஒரு குழந்தை, ஒரு பெரியவர், உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர்.

வத்தல்மலையில் ஒரு மாலை, பிறை நிலாப் படம் போட்ட அட்டையை ஒரு பாட்டியிடம் இப்படிக் கொடுத்தேன். சரியாக வரைந்ததாகத்தான் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, நிலா நின்னுக்கிட்டிருக்கு? நம்ம நிலா படுத்தில்ல இருக்கும்?" என்றார்.

அவர் சொன்னது சரி. அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிறை, வெகு வடக்கே இருப்பவர்களின் பிறை. நானும் பார்த்துப் பழகிய படத்திலிருந்து கை போன போக்கில் வரைந்திருக்கிறேன். சூரியனும் நிலாவும் செல்லும் பாதை இங்கே அடிவானத்தோடு செங்குத்தை ஒட்டி நிற்கிறது. அதனால் மறைந்த சூரியன் பிறைக்கு நேர் கீழே இருக்கிறது, வெளிச்சம் அடிப்பக்கம் படுகிறது. மாசி, பங்குனியில் மூன்றாம் பிறை ஒகேனக்கல் பரிசல் மாதிரி கிட்டத்தட்ட மல்லாந்து மிதக்கும். ஆவணி, புரட்டாசியில் அந்தப் பாதை தெற்கே சரிவதால் பரிசலும் ஒருபக்கம் சாயும்.

அட்டையை மாற்றி வரைந்தேன். இப்போது அதில் இரண்டு பிறைகள் இருக்கின்றன, கீழே அடிவானமாக வத்தல்மலையின் விளிம்பு. ஒன்றின் கீழ் பங்குனி, மற்றதன் கீழ் புரட்டாசி. மூலையில்: "தருமபுரியிலிருந்து பார்த்தபடி."